கலவைக் கணக்கு

ஆற்காட்டுக்குத் தெற்கே கலவை என்று ஓர் ஊர் இருக்கிறது. காஞ்சி காமகோடி பீடத்தின் 68ஆவது ஆசாரியர் 1907ஆம் ஆண்டில் சந்நியாசம் பெற்ற இடம் என்பதால் பக்தர்களுக்கு அந்த ஊர் தெரியும். மற்றவர்களுக்கு அது தோல் தொழில் செழித்த வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தின் ஓரத்தில் உள்ள ஒரு சிற்றூர், அவ்வளவுதான். ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்ததோ, அதைப் புலவர்கள் ஆராயட்டும். எனக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அதன் நேர்ப்பொருள்தான் மனத்தில் நிற்கிறது. உலகத்தில் எந்தப் பொருளும் தனித்து வந்து நம் தராசில் உட்காருவதில்லை. ஏதோ ஒன்றோடு கலந்துதான் வருகிறது. அதைப் பிரித்துக் கணக்குப் பார்ப்பதில்தான் மனிதனுடைய புத்தியும் நேர்மையும் தெரிகின்றன.

இதை அந்த வட்டாரத்துத் தோல் வியாபாரிகளிடம் நான் கண்டிருக்கிறேன். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பிட்டு அனுப்புவார்கள். அனுபவம் உள்ள வியாபாரி அதை அப்படியே தராசில் ஏற்றிவிடமாட்டார். பிரித்து உதறச் சொல்லுவார். உப்பு மழையாகக் கொட்டும். பிறகு விரலால் தடவி ஈரம் பார்ப்பார். ஐப்பசி மாதத் தோலுக்கு ஒரு கழிவு, சித்திரை மாதத் தோலுக்கு வேறு கழிவு. தராசு பொய் சொல்லாதுதான். ஆனால் தன் மேல் இருப்பதில் எது தோல், எது உப்பு, எது மழை என்று அது பிரித்துச் சொல்லவும் சொல்லாது. அதைத் தராசின் பக்கத்தில் நிற்கிற மனிதன்தான் சொல்ல வேண்டும்.

நான் இங்கே எழுத வந்தது தோலைப் பற்றி அல்ல. கண்ணுக்குத் தெரியாத, தராசில் நிற்காத ஒரு துகளைப் பற்றி. நியூட்ரான் என்ற அணுத்துகளை எண்ணும் கருவிகள் சரியாக எண்ணுகின்றனவா என்று விஞ்ஞானிகள் சோதித்துச் சீர்ப்படுத்துகிறார்கள். அந்த வேலையின் வரலாறு முழுவதும் கலவைக் கணக்குதான். கதை படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு நகரமே எரிந்த கதையும் இதில் வருகிறது. சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நியூட்ரானுக்கு மின்னேற்றம் கிடையாது. ஆகையால் அது எந்தக் கருவிக்குள்ளும் ஓசைப்படாமல் நுழைந்து வெளியேறிவிடும். கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே அது ஆய்வுக்கூடங்களில் நடமாடிக்கொண்டுதான் இருந்தது. 1930இல் ஜெர்மனியில் போத்தே, பெக்கர் என்ற இருவர் பெரிலியம் என்ற உலோகத்தின் மேல் ஆல்பாக் கதிர்களை மோதவிட்டபோது, ஈயத்தையும் ஊடுருவுகிற ஏதோ ஒன்று வெளிப்பட்டது. பிறகு பாரிசில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் ஜோலியோவும் அதன் வழியில் மெழுகை வைத்துப் பார்த்தார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள் தெறித்து வந்தன. அவர்கள் அதைக் காமாக் கதிர் என்றே எண்ணினார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஜேம்ஸ் சாட்விக் அந்தக் கணக்கை ஒப்பவில்லை. எடையற்ற கதிர் இவ்வளவு பலமாக முட்டாது. முட்டியது புரோட்டானுக்குச் சமமான எடை உள்ள துகளாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டு, 1932 பிப்ரவரியில் நியூட்ரானை உலகத்துக்கு அறிவித்தார். பாரிசிலும் கேம்பிரிட்ஜிலும் கருவிகள் ஏறக்குறைய ஒன்றையே காட்டின. காட்டியதற்குப் பொருள் சொன்னதில்தான் வித்தியாசம்.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, ரோமாபுரியில் மிகச் சுவையான ஒரு சம்பவம் நடந்தது. என்ரிக்கோ ஃபெர்மி என்ற இளம் பேராசிரியர் தம் சீடர்களோடு நியூட்ரான்களைக் கொண்டு ஒவ்வொரு தனிமமாகத் தாக்கி, அது எவ்வளவு கதிரியக்கம் பெறுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். 1934 அக்டோபரில் அமால்டி, பொன்டகோர்வோ என்ற இரண்டு இளைஞர்கள் வெள்ளியை வைத்து அளந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பரிசோதனையை மர மேஜையின் மேல் வைத்துச் செய்தால் வெள்ளி அதிகமாகக் கதிர் வீசியது. சலவைக்கல் மேஜையின் மேல் வைத்தால் குறைவாக வீசியது. அதே வெள்ளி, அதே நியூட்ரான் ஊற்று. மேஜை மட்டுமே வேறு!

நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? மேஜையைச் சபித்துவிட்டு, ஒரே மேஜையில் எல்லாவற்றையும் செய்து ஒத்த விடை பெற்றுத் திருப்தி அடைந்திருப்போம். ஃபெர்மி அப்படிச் செய்யவில்லை. வழியில் ஒரு பொருளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எண்ணி, ஈயத் துண்டு ஒன்றை மிகவும் கவனமாகக் கடைந்து தயாரிக்கச் செய்தார். அது வந்த பிறகும் ஏதோ ஒரு தயக்கத்தில் அதை வைக்காமல் காலம் கடத்தினார். திடீரென்று, ஈயம் வேண்டாம் என்று தீர்மானித்துக் கையில் கிடைத்த மெழுகுக் கட்டியை வைத்தார். பிற்காலத்தில் சிகாகோவில் தம் சகாவாக இருந்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகரிடம் ஃபெர்மியே இதைச் சொல்லியிருக்கிறார். சந்திரசேகர் அதைக் குறித்து வைத்ததனால் நமக்குக் கிடைத்தது.

அக்டோபர் 22ஆம் தேதி மெழுகு வைத்தவுடன் வெள்ளியின் கதிரியக்கம் பல மடங்கு ஏறிவிட்டது. அன்று மாலைக்குள் ஃபெர்மி காரணம் சொல்லிவிட்டார். கோலி விளையாடிய எவருக்கும் அது புரியும். ஒரு கோலி பெரிய பாறையில் மோதினால் ஏறக்குறைய வந்த வேகத்திலேயே திரும்பி ஓடும். தன்னைப் போன்ற இன்னொரு கோலியில் மோதினால் வேகத்தை அதனிடம் கொடுத்துவிட்டுத் தளர்ந்துபோகும். நியூட்ரானுக்குச் சமமான கோலி ஹைட்ரஜன் அணுவின் கரு. மெழுகிலும் மரத்திலும் தண்ணீரிலும் ஹைட்ரஜன் நிறைய உண்டு, சலவைக்கல்லில் இல்லை. மரத்தில் மோதி, வேகம் குறைந்து, சிதறித் திரும்பிய நியூட்ரான்கள்தாம் வெள்ளியிடம் எளிதில் அகப்பட்டன. தண்ணீரும் இதையே செய்யுமா என்று பார்க்க, ஆய்வுக்கூடத்தின் பின்புறத் தோட்டத்தில் தங்கமீன்கள் நீந்திய தொட்டிக்குள்ளேயே ஊற்றை இறக்கிச் சோதித்தார்கள். செய்தது!

தளர்ந்த நியூட்ரான் பற்றிய இந்த அறிவு இல்லாமல் பிற்கால அணு உலைகளில் பெரும்பாலானவை இல்லை. 1938இல் ஃபெர்மிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதே நாளில், ஒருவரும் கேட்காமல், இன்னொரு பெரிய தொல்லையும் பிறந்துவிட்டது. மேஜை அளவையே மாற்றுமானால் சுவர் மாற்றாதா? சிமென்டுத் தரை மாற்றாதா? பக்கத்தில் நிற்கிற விஞ்ஞானியே முக்கால்வாசி தண்ணீரும் கொழுப்பும் ஆனவர்தானே, அவர் மாற்றமாட்டாரா? மாற்றுவார்கள், எல்லாரும் மாற்றுவார்கள். நியூட்ரானை அளக்கப் புகுந்தவன் தன் அறையையும் சேர்த்தே அளக்கிறான்.

சிதறல் என்றதும் நமக்கு நினைவு வருகிறவர் சர். சி. வி. ராமன். அவருடைய பெருமையிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. 1923இல் கல்கத்தாவில் அவரிடம் ஆராய்ந்த கே. ஆர். ராமநாதன், திரவத்தில் சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மங்கலான ஏதோ ஒன்று கலந்திருப்பதைக் கண்டார். திரவத்தில் அழுக்கு இருக்கிறதோ என்ற சந்தேகத்தில் மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார்கள். அழுக்கு போயிற்று; அந்த மங்கல் ஒளி போகவில்லை. 1928 பிப்ரவரி 28இல் உலகுக்குத் தெரிந்த ராமன் விளைவு அதுதான். சிதறி வருவது சில சமயம் திருடன். சில சமயம் புதையல். எது என்று தெரிவதற்கு முன், அதைத் தனியாகப் பிரித்து அளக்கத் தெரிய வேண்டும்.

எப்படிப் பிரிப்பது? முதலில், ஊற்றிலிருந்து விநாடிக்கு எத்தனை நியூட்ரான் வெளிப்படுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஓர் அழகான முறை உண்டு. மாங்கனீசு சல்பேட் என்ற உப்பைக் கரைத்த ஒரு பெரிய நீர்த்தொட்டியின் நடுவில் ஊற்றை இறக்கிவிடுவார்கள். நியூட்ரான்கள் தண்ணீரில் தளர்ந்து மாங்கனீசிடம் அகப்படும். அகப்பட்ட மாங்கனீசு கதிரியக்கம் பெற்று, இரண்டரை மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் பாதியாகத் தேயும். அந்தக் கதிரை எண்ணினால் ஊற்றின் பலம் தெரிந்துவிடும். இந்தியாவின் நியூட்ரான் அளவுகளுக்கு ஆதாரமான ஏற்பாடுகள் பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கின்றன.

ஊற்றின் பலம் தெரிந்தபின், அதற்கு எதிரே எண்ணும் கருவியை நிறுத்த வேண்டும். கருவி என்பது பெரும்பாலும் போரான் வாயுவோ ஹீலியமோ அடைத்த குழாய். வேக நியூட்ரான்களைத் தளர்த்துவதற்காக அதைச் சுற்றி ஒரு பாலிதீன் உருண்டை. இரட்டித்த தூரத்துக்குப் போனால் நேரே வருகிற நியூட்ரான் காற்பங்காகக் குறையும். இது தீப வெளிச்சத்துக்கும் உள்ள நியதி. ஆனால் சுவரிலும் கூரையிலும் முட்டித் திரும்புகிறவை அறை முழுவதும் ஏறக்குறைய சமமாகப் பரவி நிற்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு மீட்டர் தூரத்தில் கருவி 110 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 நேரே வந்தது, 10 சுவர் தந்தது. இரண்டு மீட்டர் தூரத்தில் நேரே வருவது 25. சுவர் தருவதோ அதே 10. ஆகமொத்தம் 35. முதலில் பதினொன்றில் ஒரு பங்காக இருந்த கலப்படம் இப்போது மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. நாலு மீட்டருக்குப் போனால் சுவர் ஊற்றையே மிஞ்சிவிடும்!

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட உபாயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நிழல் கூம்பு. முன்பகுதி இரும்பும் பின்பகுதி பாலிதீனுமாக ஒரு நீண்ட கூம்பு செய்து, ஊற்றுக்கும் கருவிக்கும் நடுவே நிறுத்துகிறார்கள். சூரியனைக் கையால் மறைத்துப் பார்ப்பது போல. நேரே வருகிற நியூட்ரான் எல்லாம் கூம்பில் மடிந்துவிடும். அப்போதும் கருவி எண்ணுகிறதே, அது முழுக்க முழுக்கச் சிதறி வந்தது. அதைக் குறித்துக்கொண்டு, கூம்பை எடுத்துவிட்டு மீண்டும் எண்ணி, முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் கிடைப்பதே மெய்யான கணக்கு. தோல் மண்டிக்காரர் உதிர்ந்த உப்பைத் தனியாக நிறுத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் பேதம் இல்லை. இன்னொரு முறை, பல தூரங்களில் அளந்து, தூரத்தோடு மாறாத பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழிப்பது. சிதறலே குறைவாக இருக்கும்படி, பெரிய கூடம் எழுப்பி, தரைக்குப் பதில் இலேசான உலோகக் கம்பிவலை போட்டு, சுவர்களுக்கெல்லாம் வெகு தொலைவில் கருவியை வைக்கிற நாடுகளும் உண்டு. அங்கேகூடக் காற்று இருக்கிறது, காற்றும் சிதறடிக்கிறது. கழிக்காமல் தப்ப முடியாது.

இவ்வளவு நுட்பமான கழித்தல் எதற்கு என்று கேட்டால், விடை ஹிரோஷிமாவில் இருக்கிறது.

1945 ஆகஸ்டு 6ஆம் தேதி அந்த நகரத்தின் மேல் அணுகுண்டு வெடித்தது. மூன்று நாள் கழித்து நாகசாகியின் மேல். பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, யாருக்கு எந்த வியாதி வருகிறது என்று மருத்துவர்கள் குறித்துவந்தார்கள். கதிர்வீச்சு மனித உடலுக்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்தப் பாவப்பட்ட ஜனங்களிடமிருந்து கற்றது. ஆனால் ஒவ்வொருவர் மேலும் விழுந்த கதிர் எவ்வளவு? அன்று அங்கே யாரும் கருவி பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பிற்பாடு ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்கர்கள் நெவாடாப் பாலைவனத்தில் 465 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பி, 1962இல் உறை இல்லாத ஒரு சிறிய அணு உலையை அதன் மேல் ஏற்றி இறக்கி, கீழே ஜப்பானிய மாதிரி வீடுகளைக் கட்டிவைத்து, அவற்றுக்குள் எவ்வளவு நியூட்ரான் வருகிறது என்று அளந்தார்கள். இப்படிப்பட்ட அளவுகளையும் வெடிப்புச் சோதனைகளில் கிடைத்தவற்றையும் கொண்டு 1965இல் ஒரு தற்காலிகக் கணக்கு வகுக்கப்பட்டது. அதன்படி ஹிரோஷிமாவில் நியூட்ரான் அதிகம், நாகசாகியில் வெகு சொற்பம். ஹிரோஷிமாவில் ரத்தப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதற்கும் அந்த நியூட்ரான்தான் காரணம் என்று நம்பினார்கள். கதை பொருந்தி வந்தது. பொருந்தி வருகிற கதையை யார்தான் சந்தேகிப்பார்கள்?

நெவாடா பாலைவனம், காற்று எலும்புபோல் உலர்ந்தது. ஹிரோஷிமாவோ கடலோர நகரம். வெடித்தது ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில். ஈரக் காற்றில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ரோமாபுரியின் மர மேஜை செய்த வேலையை ஹிரோஷிமாவின் வானமே செய்திருந்தது! தவிரவும், அந்தக் குண்டைச் சுற்றியிருந்த கனத்த எஃகு, வெளிவந்த நியூட்ரான்களை முன்பே தளர்த்தியிருந்தது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதையெல்லாம் புதிதாகக் கணக்கிட்டார்கள். 1986இல் ஏற்கப்பட்ட புதிய கணக்கில் ஹிரோஷிமாவின் நியூட்ரான் அளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

நியூட்ரான் இல்லையென்றால் பழியை யார் ஏற்பது? மிஞ்சியிருந்தது காமாக் கதிர். எக்ஸ்ரே எடுக்கிறவர்களும் அணு உலையில் வேலை செய்கிறவர்களும் அன்றாடம் பழகுகிற அதே குடும்பத்துக் கதிர். அது முன்பு நினைத்ததைவிட அதிகத் தீங்கு செய்வது என்று ஆயிற்று. பிழைத்தவர்களுக்கு வயது ஏற ஏறப் புதிதாகத் தெரியவந்த நோய்க் கணக்கும் அதையே சொன்னது. 1990இல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு, தொழிலாளியின் ஆண்டு வரம்பை 50 மில்லிசீவர்ட்டிலிருந்து, ஐந்தாண்டுச் சராசரியாக 20க்குக் குறைத்தது. காற்றின் ஈரத்தைக் கணக்கில் சேர்த்ததற்கும், உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் ஒரு தொழிலாளி இன்று குறைந்த கதிரோடு வீடு திரும்புவதற்கும் தொடர்பு உண்டு.

அதோடும் கதை முடியவில்லை. வெடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கற்களில் எஞ்சிய கதிரியக்கத்தை அளந்தபோது, புதிய கணக்கு சொன்னதைவிட அதிகமாகவே இருந்தது. பல ஆண்டுகள் தர்க்கம் நடந்தது. கடைசியில், வானத்திலிருந்து சதா பொழிகிற காஸ்மிக் கதிர்களும், கல்லிலேயே இயற்கையாக இருக்கிற கதிரியக்கமும் அளவில் கலந்திருப்பதைச் சிரத்தையாகக் கழித்தார்கள். பழைய கட்டடங்களின் இடிதாங்கி, கூரை நீர்வடிகால் போன்றவற்றின் செம்பையும் எடுத்துச் சோதித்தார்கள். 2003 வாக்கில் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. குண்டு விழுந்து அறுபது ஆண்டை நெருங்கும்போதும் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது என்றால் பாருங்கள்.

கலவையிலிருந்து செய்யாறு, உத்திரமேரூர் என்று கிழக்கே கடலை நோக்கிப் போனால் கல்பாக்கம் வரும். வானவழியாக நூறு கிலோமீட்டர்கூட இராது. அங்கே 1983இல் மின்நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது. 1985இல் வேக ஈனுலைச் சோதனை நிலையம். 1996 அக்டோபரில் காமினி என்ற சிறிய உலை. நாவல் கதாநாயகிக்கு வைக்கிற பெயர் என்று நினைக்க வேண்டாம். 'கல்பாக்கம் மினி' என்பதன் சுருக்கம் அது. தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட அதன் சக்தி 30 கிலோவாட்தான். பொருள்களை நியூட்ரானால் படம் பிடிப்பதற்கும், நியூட்ரானை எண்ணும் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கும் அது பயன்படுகிறது.

அணு நிலையத்தில் நியூட்ரான் உலவக்கூடிய இடத்தில் வேலை செய்கிறவர் மார்பில் ஒரு சிறிய அட்டை தொங்கும். நியூட்ரானுக்கென்று அதில் தனிவகைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அந்தத் தொழிலாளி வாங்கிய கதிர் எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி. நம் நாட்டில் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30க்கு மேல் கூடாது. அந்த அட்டையைச் சோதிக்கும் விதத்தில்தான் இந்த வித்தையின் நுட்பமான பகுதி இருக்கிறது. அட்டையைத் தனியே அந்தரத்தில் தொங்கவிட்டுச் சோதிப்பதில்லை. மனித மார்புக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய ஒரு சதுரப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்துச் சோதிக்கிறார்கள். ஏன்? உடலுக்குள் புகுந்த நியூட்ரான் தளர்ந்து, சிதறி, திரும்பி வந்து அட்டையில் விழும். அந்தச் சிதறலைக் கழிக்கக் கூடாது. அட்டையை உடல் இல்லாமல் யாரும் அணியப் போவதில்லையே!

ஆக, சோதனைக் கூடத்துச் சுவர் தந்ததைக் கழிக்க வேண்டும். தொழிலாளியின் உடல் தந்ததை வைத்துக்கொள்ள வேண்டும். கூடத்துச் சுவரைக் கழிப்பது, கருவியின் குணத்தைக் கூடத்தின் குணத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்காக. உலைக்குப் பக்கத்தில் வேலை நடக்கும் இடத்தில் அதே மாதிரிச் சுவர் இருந்தால், அங்கே அதைக் கழிக்கிறவன் பாவி. அங்கே தொழிலாளியின் எலும்புக்குள் போகிற நியூட்ரான், உலையிலிருந்து நேரே வந்தாலும் சுவரில் முட்டி வந்தாலும் நியூட்ரான்தான். அதை ஒன்றுவிடாமல் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே எது உப்பு, எது தோல் என்பது தீர்மானமாகிறது.

கருவிகள் நாளுக்கு நாள் நுட்பமாகிவருகின்றன. இந்தத் தீர்மானத்தை மட்டும் எந்தக் கருவியும் செய்து கொடுப்பதில்லை. கூம்பை நடுவே நிறுத்தி, இரண்டாம் முறையும் பொறுமையாக எண்ணி, உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கிற மனிதர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. அவர் எழுதிவைக்கிற எண்ணை நம்பித்தான் இன்னொருவர் அட்டையை மார்பில் குத்திக்கொண்டு உள்ளே போகிறார்.